பாவு நூலில் ஒரு சொட்டு அயோடின்

பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறியில் ஏற்றும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் போடுகிறார்கள்? தறி ஓடும்போது இழை அச்சிலும் விழுதிலும் ஓயாமல் உரசும். கஞ்சிப் பூச்சு இல்லாவிட்டால் பிசிறு எழும்பி அறுந்துவிடும்.

அந்தக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டார்ச். சேலம், நாமக்கல் காடுகளில் விளையும் மரவள்ளிக்கிழங்கின் மாவும் ஸ்டார்ச்தான். பாடநூலில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வருவதும் அதுவே: இலையின் பச்சையத்தை நீக்கி அயோடின் விட்டால் கருநீலமாகும், அங்கே ஸ்டார்ச் இருக்கிறது. இலைக்குச் செய்ததை வீட்டில் கிடக்கும் பருத்திப் பாவு இழைக்கும் செய்யலாம். நிறம் மாறவில்லையா? அப்போது பிள்ளை கேட்கட்டும்: இந்த நூலுக்குப் போட்டது வேறு பசையா? அந்தக் கேள்வியில்தான் அறிவியல் தொடங்குகிறது.

ஒரு பாடநூலின் தரத்தை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சொன்ன தகவல் சரியாக இருக்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது. அதோடு, படிக்கிற பிள்ளை தன் கைக்கு எட்டும் பொருளில் அதைச் சோதித்துப் பார்க்கவும் வழி வேண்டும்.

பண்பாட்டுப் பொருத்தம் என்றால் முன்னோர் பெருமையைக் கட்டம் கட்டிப் போடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பொருத்தம் ஆகாது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஏன் சிவக்கிறது என்று கேட்க வைத்தால், அது பொருத்தம். மஞ்சள், காரத்தைக் காட்டும் நிறங்காட்டி. எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். சோப்புத் தண்ணீரிலும் பார்க்கலாம். சாயக்கழிவை மட்டும் இப்படிச் சோதிக்கப் பிள்ளைகள் கையால் தொட வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2010இல் சமச்சீர்ப் பாடநூல்கள் வந்தன. 2018 முதல் புதிய பாடத்திட்ட நூல்கள். பத்தாம் வகுப்பு நூல் தொல்லுயிர் எச்சத்துக்குத் திருவக்கரை கல்மரப் பூங்காவைக் காட்டுகிறது. நல்ல வேலை. ஆனால் மாநிலம் முழுமைக்கும் அச்சாகும் ஒரே புத்தகத்தில் ஒவ்வோர் ஊரின் தறியும் ஆறும் இடம்பெற முடியாது. அதற்கு வேறு வழி உண்டு: மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில், சுற்றுப்புறத்தில் கிடைப்பதை வைத்துப் பிள்ளைகளே சோதனை செய்தார்கள். ஆசிரியர்களுக்கு அதற்கெனப் பயிற்சி தந்தார்கள். 2002இல் அரசு அதை நிறுத்தியது பெரிய இழப்பு.

புத்தகம் விட்ட இடத்தை ஆசிரியரும் பெற்றோரும்தான் நிரப்ப வேண்டும். தறி ஓட்டும் அப்பாக்களே, அம்மாக்களே, பிள்ளை ஸ்டார்ச் பாடம் படிக்கும் வாரத்தில் ஒரு முழம் பாவு நூலைப் பள்ளிக்குக் கொடுத்து அனுப்புங்கள்.