மூடிய செயலி எப்படிக் கூப்பிடுகிறது?

ஃபேஸ்புக்கை மூடிவிட்டீர்கள். ஆனாலும் யாரோ லைக் போட்டதும் போன் 'டிங்' என்கிறது. எப்படி?

லைக் முதலில் ஃபேஸ்புக் சர்வரில் பதிவாகிறது. ஒவ்வொரு செயலியும் தனித்தனியாகத் தன் சர்வரோடு பேசிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஐபோன் ஆப்பிளோடும், ஆண்ட்ராய்டு பெரும்பாலும் கூகுளோடும் ஒரே இணைப்பைத் திறந்து வைத்திருக்கும். ஊருக்கு ஒரே தபால்காரர் போல, எல்லாச் செயலிகளின் சேதியும் அந்த வழியில்தான் வரும். ஃபேஸ்புக் சர்வர் தன் சேதியை அவர்களிடம் ஒப்படைக்கும்; அது எந்தப் போனின் எந்தச் செயலிக்கு என்று காட்டும் முகவரிதான் 'டோக்கன்' என்ற குறியீடு.

சரி, 'டிங்' கேட்டதும் ஏன் உடனே போனை எடுத்துப் பார்க்கிறோம்? வந்தது என்னவென்று தெரியாததும் ஒரு காரணமாக இருக்கலாம். எதிர்பாராத பரிசு கிடைத்தால் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் செல்கள் கூடுதலாகத் தூண்டப்படுவதை, 1990களில் குரங்குகளிடம் நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் கண்டறிந்தார். அறிவிப்பை அணைத்தாலும் லைக் சர்வரில் பத்திரமாக இருக்கும். எப்போது பார்ப்பது என்பதை நாமே முடிவு செய்யலாம்.