திராட்சையும் மணல் ஈயும்

கொசுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது அந்தப் பூச்சி. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம், உடம்பெல்லாம் ரோமம், மணல் நிறம். உட்காரும்போது இறக்கைகளை மடக்காமல், மேல்நோக்கி விரித்தபடி வைத்துக்கொள்ளும். காதோரம் ரீங்காரமிட்டு எச்சரிக்கும் பழக்கம் கிடையாது. சத்தமில்லாமல் வந்து கடித்துவிட்டுப் போய்விடும். சாதாரணக் கொசுவலையின் கண்ணிகளுக்குள் நுழையும் அளவுக்குப் பொடிசு. இதுதான் மணல் ஈ. பேர்தான் மணல் ஈயே தவிர, கடற்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிறத்தால் வந்த பேர்.

கடிப்பது பெண் ஈ மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். அந்த ரத்தத்தோடு லெய்ஷ்மேனியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியும் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிறது. இந்தியாவில் இதனால் வரும் கொடிய நோய்க்குக் காலா அசார் என்று பேர், தமிழில் கருங்காய்ச்சல். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், ரத்தசோகை, உடல் மெலிவு. சிகிச்சை தராவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துபோவார்கள்.

ஒட்டுண்ணியின் முழுப்பேர் லெய்ஷ்மேனியா டோனோவானி. பேரின் பிற்பாதியில் நம்ம சென்னை இருக்கிறது. சார்லஸ் டோனோவன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றியவர். 1903-ல் நோயாளிகளின் மண்ணீரலில் இந்த உருவங்களைப் பார்த்தார். அதே ஆண்டு, சில வாரங்கள் முன்னதாக, இங்கிலாந்தில் வில்லியம் லெய்ஷ்மன் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தார். மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ் இரண்டு பேரையும் சேர்த்துப் பெயர் வைத்தார்.

கிருமி கிடைத்துவிட்டது. அது எப்படிப் பரவுகிறது? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆனது. அந்தக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

முதலில் சந்தேகப்பட்டது மூட்டைப்பூச்சியை. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் நோய் பரவுவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சென்னையில் பேட்டன் வருஷக்கணக்காக மூட்டைப்பூச்சியை ஆராய்ந்தார். 1920-களில் சின்டன் வேறு வழியில் யோசித்தார். ஃபிளபோடமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற மணல் ஈ இருக்கும் இடங்களையும் நோய் இருக்கும் இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் பெரும்பாலும் பொருந்தின. ஆனால் வரைபடம் பொருந்துவது சாட்சியாகிவிடுமா? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். 1924-ல் கல்கத்தாவில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் மூவரும் நோயாளிகளைக் கடித்த மணல் ஈக்களின் வயிற்றில் ஒட்டுண்ணி வளர்வதைக் காட்டினார்கள். வழக்கு ஏறக்குறைய முடிந்த மாதிரிதான். ஆனால் அந்த ஈயை ஆரோக்கியமான மனிதர்களைக் கடிக்கவிட்டால் நோய் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் தோல்விதான்.

சிக்கல் சாப்பாட்டில் இருந்தது. ஆய்வகத்தில் ஈக்கு மறுபடி மறுபடி ரத்தமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இயற்கையில் மணல் ஈ செடிகளின் இனிப்புச் சாற்றையும் குடிக்கும். ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் முதல் ரத்த உணவுக்குப் பிறகு ஈக்களுக்குக் காய்ந்த திராட்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒட்டுண்ணிகள் பெருகி, ஈயின் முன்குடலையே அடைத்துவிட்டன. அடைபட்ட ஈயால் ரத்தத்தை ஒழுங்காக உறிஞ்ச முடியாது. முக்கித் திணறி, தொண்டையில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடும். சரியாகக் குடிக்க முடியாததால் பலமுறை கடிக்கவும் செய்யும். ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு என்ன வேண்டும்?

இந்த முறையைப் பின்பற்றி 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அசாமில் நோய் இல்லாத பகுதியைச் சேர்ந்த ஐந்து தன்னார்வலர்களை ஈக்களால் கடிக்கவிட்டார்கள். ஐந்து பேருக்கும் தொற்று ஏற்பட்டது. உயிர்க்கொல்லி நோயை வேண்டுமென்றே கொடுத்த சோதனை அது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் லேசில் சம்மதிக்காது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1922-ல் கொடுத்த யூரியா ஸ்டிபமின் என்ற மருந்து அதற்குள் புழக்கத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரி, பரவும் வழி தெரிந்ததால் என்ன லாபம்? இங்கேதான் நோய்ப்பரவலியல் வருகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் இதன் உறவுக்கார ஒட்டுண்ணிக்கு நாய்தான் சேமிப்புக் கிடங்கு. நாய்களை வைத்துக்கொண்டு நோயை ஒழிப்பது பெரும்பாடு. இந்தியாவில் கிடங்கு மனிதன் மட்டுமே என்றுதான் கருதுகிறார்கள். கடத்துவதும் முக்கியமாக ஒரே வகை ஈ. அதாவது நோயாளியைக் குணப்படுத்தி, ஈயைக் குறைத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

ஈயைக் குறைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கொசு மாதிரி இது தண்ணீரில் வளர்வதில்லை. மண்தரையின் ஈரம், சுவர் விரிசல், மாட்டுத் தொழுவம், சாணி கலந்த மண், இவைதான் புழு வளரும் இடம். எங்கே என்று தேடிப்பிடித்து அழிப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் வளர்ந்த ஈ நெடுந்தூரம் பறக்காது. தத்தித் தத்திப் போய்ச் சுவரில் உட்காரும். ஆகவே வீட்டுச் சுவரிலும் தொழுவத்திலும் ஆறடி உயரம் வரை மருந்தடித்தால் போதும்.

இதற்குச் சான்று தற்செயலாகவே கிடைத்தது. 1950-களில் மலேரியாவுக்காக வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். கருங்காய்ச்சல் யாரும் குறிவைக்காமலேயே அடங்கிப்போனது. மலேரியா குறைந்ததும் மருந்தடிப்பு நின்றது. 1977 வாக்கில் பீகாரில் நோய் கொள்ளைநோயாகத் திரும்பி வந்தது. ஒரு லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டதாக மதிப்பீடு. 1992-ல் இந்தியாவில் பதிவானவை மட்டும் 77,102 நோயாளிகள், 1,419 மரணங்கள்.

இன்று ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. விரல் குத்தி நிமிஷங்களில் முடிவு சொல்லும் ஆர்.கே.39 சோதனை, ஒரே தவணையில் ஏற்றும் லிப்போசோமல் ஆம்போடெரிசின்-பி, டி.டி.டி.க்கு ஈ எதிர்ப்புப் பெற்றபின் வந்த புதிய பூச்சிக்கொல்லி எல்லாம் சேர்ந்த பலன் இது. 2023-ல் வங்காளதேசம் உலகிலேயே முதலாவதாக ஒழிப்புச் சான்றிதழ் பெற்றது. ஆனால் இங்கே ‘ஒழிப்பு’ என்றால் பூஜ்ஜியம் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் ஒவ்வொரு வட்டாரத்திலும் பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவு என்பதுதான் இலக்கு.

மிச்சமிருப்பது எங்கே ஒளிந்திருக்கிறது? குணமானவர்களில் ஐந்து முதல் பத்து சதவீதம் பேருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்துத் தோலில் வெளிர்த் திட்டுகளும் முடிச்சுகளும் வரும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போய்வர எந்தத் தடையும் இல்லை. எதற்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? தொழுநோய் என்று தப்பாக நினைத்து ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஆனால் அந்தத் தோலில் ஒட்டுண்ணி இருக்கிறது, அவர்களைக் கடிக்கும் ஈக்கும் அது தொற்றும். நோயே இல்லாதது போலத் தோன்றும் ஒரு கிராமத்தில் அடுத்த கொள்ளைநோய்க்கான விதை இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியும்.

என் தொழிலில் ஒன்று சொல்வோம்: எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கலாம், மணியே பழுதாகியும் இருக்கலாம். நோயாளிகள் குறையக் குறைய அதைப் பார்த்தறிந்த மருத்துவர்களும் குறைவார்கள், நிதியும் வேறு பக்கம் போகும். நோயைப் பார்த்திராத குழந்தைகள் எதிர்ப்புசக்தி இல்லாமல் வளர்வார்கள். மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் புழக்கத்தில் இல்லை. ஈ எங்கேயும் போய்விடவில்லை. அதே அர்ஜென்டிபெஸ் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. இலங்கையில் அனுராதபுரம், அம்பாந்தோட்டைப் பக்கம் இதே ஒட்டுண்ணி இனம் பெரும்பாலும் தோல்நோயாக வெளிப்படுகிறது.

அதனால் பீகாரின் வருடாந்திர எண்ணிக்கையைப் பார்க்கும்போது நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பேன்: இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருந்த எத்தனை பேருக்குச் சோதனை செய்தார்கள்? அந்த எண் குறையாமல் இருந்தால்தான், முதல் எண் குறைந்ததற்குச் சந்தோஷப்படலாம்.