வயிற்றைத் திறக்குமுன் ஒரு இரத்தக் கணக்கு

தெம்பனிஸில் நள்ளிரவில் 995ஐ அழைத்தால், ஆம்புலன்ஸ் பெரும்பாலும் சீமெயில் உள்ள சாங்கி பொது மருத்துவமனைக்குத்தான் போகும். கிழிந்த மண்ணீரல், ஓட்டை விழுந்த குடல், கருக்குழாயில் வெடித்த கர்ப்பம் என்று காரணம் எதுவானாலும், அவசர அறுவைக்குமுன் மருத்துவர்கள் ஒன்றைக் கணிக்க வேண்டும். இவருக்கு எவ்வளவு இரத்தம் போகும்?

பெரியவர்களுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் உண்டு. 60 கிலோ எடை என்றால் 4.2 லிட்டர். அதில் 600 மில்லிலிட்டர் போனாலும் இரத்த அழுத்தம் பெரிதாக மாறாது. ஹீமோகுளோபின் அளவும் முதலில் ஏமாற்றும். பாதிக் குழம்பைக் கொட்டிவிட்டாலும் மீதியின் காரம் குறையாது அல்லவா? அதுபோல, சிவப்பணுக்களும் நீரும் சேர்ந்தே வெளியேறுவதால் எஞ்சிய இரத்தத்தின் செறிவு உடனே இறங்குவதில்லை.

அதனால் நாடித்துடிப்பை மேல் இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கிறார்கள். 1967இல் அல்கோவர், புர்ரி என்ற இருவர் முன்வைத்த கணக்கு இது. நலமாக இருப்பவருக்கு விடை 0.5 முதல் 0.7 வரை இருக்கும். நாடி 110, அழுத்தம் 100 என்றால் 1.1, அது ஆபத்தின் அறிகுறி. ஆனால் ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். நம் முதியவர்கள் பலர் அந்த மாத்திரைக்காரர்கள்தாம்.

மாத்திரை என்றதும் வார்ஃபரினும் குளோபிடோக்ரெலும் நினைவுக்கு வர வேண்டும். இரண்டையும் வீட்டில் ‘இரத்தம் இளகும் மருந்து’ என்றே சொல்வோம். மருத்துவருக்கு அந்தப் பெயர் போதாது. வார்ஃபரினை வைட்டமின் கே மற்றும் உறைகாரணிச் செறிவு மருந்தால் விரைவில் முறிக்கலாம். குளோபிடோக்ரெல் தொட்ட தட்டணுக்களோ சாகும்வரை செயலிழந்தே கிடக்கும். புதியவை போதிய அளவு உருவாக 5 முதல் 7 நாள் ஆகும். அவசர அறுவைக்கு அவ்வளவு காத்திருக்க முடியுமா?

பழைய அறுவையின் தழும்பும் ஒரு தடயம். உள்ளே குடல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால், பிரித்தெடுக்கும்போதெல்லாம் இரத்தம் கசியும். சுருங்கிய கல்லீரல் உறைபொருள்களைப் போதிய அளவு செய்யாது. உடல் குளிர்ந்தாலும் உறைதல் தளரும். நோயாளியைச் சூடாக வைத்திருப்பது அதற்காகத்தான்.

கணிப்பு சரியா என்பது அறுவைக்கூடத்தில் தெரியும். உறிஞ்சு குடுவையின் அளவிலிருந்து, கழுவ ஊற்றிய நீரைக் கழிக்கிறார்கள். நனைந்த பஞ்சுத்துணிகளை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலிட்டர் என்று கூட்டுகிறார்கள்.