சிலம்பக் கூடமும் ஆசானும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. இவ்வூர்களை உள்ளடக்கிய தென்பாண்டி நாட்டில் சிலம்பம் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருகிறது.

சிலம்பக் கூடத்திற்குப் புதிதாக வருவோர், தம் நெற்றியளவு உயர்ந்த மூங்கிற்கம்பைக் கையில் எடுத்தவுடன் சுழற்றவே விரும்புவர். ஆசானோ காலடிப் பாடத்திலிருந்து தொடங்குவார். எக்காலை முன்வைப்பது, எக்காலில் உடலின் எடையைத் தாங்குவது, எப்பொழுது திரும்புவது என்பன பழகிய பின்னரே கைவீச்சுச் சிறக்கும். பலர் சலிப்புற்று நின்றுவிடுவதும் இவ்விடத்தில்தான்.

கம்பைச் சுழற்றுவோர் தம் உடலைத் தாமே காண இயலாது. முழங்கை விறைத்திருப்பதும் குதிகால் எழும்பியிருப்பதும் எதிரே நிற்கும் ஆசானுக்கே புலப்படும். கம்பு விரைந்து சுழலுங்கால் ஓர் ஒலி எழும். அது சீராக இல்லையெனின், வீச்சு எங்கோ தளர்கிறது என்பதைத் தேர்ந்த செவி உணர்ந்துகொள்ளும். புதியவர் தம் கம்பையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பெரும்பிழை. பார்க்க வேண்டியது எதிராளியை அன்றோ?

கைப்பிடியில் நேரும் பிழை இன்னும் கொடியது. கம்போடு கம்பு மோதும்போது, எதிராளியின் கம்பு வழுக்கி வந்து விரலின்மேல் விழக்கூடும். விரலை வெளியே நீட்டிப் பிடிக்கும் மாணவரை ஆசான் கடிந்துகொள்வது வீண் சினத்தால் அன்று. அப்பிடி நீடித்தால் விரலெலும்பு முறியவும் கூடும்.

ஐந்து பிழைகளை ஒருங்கே எடுத்துரைத்தால் மாணவர் ஒன்றையும் திருத்திக்கொள்ளார். ஆதலின், நல்லாசான் ஒரு நேரத்தில் ஒன்றையே சுட்டுவார். சிலபோது அதனையும் சொல்லாது, "எங்கே தவறினாய்?" என்று மட்டும் வினவுவார். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் பிறர் திருத்திக்கொண்டே இருந்தால், அவர் இல்லாதபோது திறன் குன்றுவதை உடலியக்கப் பயிற்சியை ஆராய்ந்தோரும் கண்டுள்ளனர். திருத்தம் பெறும் மாணவரின் கடமையும் எளிதன்று. "எனக்குத் தெரியும்" என்று விடையிறுப்பதை விடுத்து, அவ்வசைவையே மெதுவாகப் பன்முறை செய்து பார்த்தல் வேண்டும்.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. பழைய போட்டி முறையொன்றில், கம்பின் நுனியில் சாயம் தோய்த்து, எதிராளியின் உடலில் பதிந்த தடங்களை எண்ணி வெற்றியை அறிவர். தோற்றவரின் வெள்ளைச் சட்டையில் இடத்தோளருகே மூன்று தடங்கள் காணப்பட்டால், மறுநாட் பாடம் அவ்விடத்தோளிலிருந்தே தொடங்கும்.