ஸ்டியரிங் கைக்கு வரும் முன்: லாரி கம்பெனிப் பயிற்சியில் என்ன நடக்கும்?

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வாஞ்சூர் எல்லைக்குப் போகும் சாலையில் சற்று நேரம் நின்றால் போதும். நிலக்கரி ஏற்றித் தார்பாய் கட்டிய டாரஸ், சிமெண்ட் லாரி, சாய்சதுரக் குறி ஒட்டிய ரசாயன டேங்கர் என வரிசையாகப் போகும். 2009-ல் கீழவாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. மண்மாரி பெய்யட்டும் என்று காளமேகப் புலவர் சபித்த ஊர் இது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். மண்மாரியை நாம் பார்த்ததில்லை, நிலக்கரித் தூசியைப் பார்த்திருக்கிறோம்.

நம் தெருப் பிள்ளைகளுக்கு லாரி புதிதல்ல. லோடு ஏற்றியிருக்கிறோம், தார்பாய் கட்டியிருக்கிறோம், கிளீனராகப் போய் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்திருக்கிறோம். ஓட்டுநர் இருக்கையில் உட்காரத்தான் வெகுகாலம் பிடித்தது. அதற்கு ஒரு காரணம் காகிதத்திலேயே இருந்தது. போக்குவரத்து வாகன உரிமம் வாங்க எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவர் இருபது ஆண்டு கிளீனராகத் திரிந்து வண்டியின் நாடித்துடிப்பே தெரிந்திருந்தாலும் உரிமம் கிடையாது. அந்த விதியை மத்திய அரசு 2019-ல் எடுத்துவிட்டது. இப்போது 20 வயது நிறைந்து, கார், வேன் போன்ற இலகு ரக வாகன உரிமம் கையில் வந்து ஓராண்டு ஆகியிருந்தால் கனரகத்துக்கு எல்.எல்.ஆர். போடலாம்.

உரிமம் வாங்கியதும் வேலை வந்துவிடாது. கம்பெனிகள் தங்கள் பயிற்சியை முடித்த பிறகே வண்டியைத் தருகின்றன. அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால் இரண்டாம் நாளே திரும்பி வந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

முதல் நாள் வண்டியைத் தொட விடமாட்டார்கள். உரிமம், ஆதார், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு, பிறகு மருத்துவப் பரிசோதனை. கண்பார்வையோடு நிறம் பிரித்தறியும் திறனையும் பார்ப்பார்கள். பல ஆலைகளின் வாசலில் ஊதச் சொல்லும் கருவி இருக்கும். முந்தின இரவு குடித்ததும் அதில் காட்டலாம். தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி, ஒளிரும் மேலாடை ஆகியவற்றை அணியச் சொல்லி ஒரு வகுப்பு எடுப்பார்கள். ஆலைக்குள் எந்த வேகத்தில் போக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பது எப்படி என்றெல்லாம் சொல்வார்கள். தூக்கம் வரத்தான் செய்யும். ஆனால் பரிசோதனைக் கேள்விகள் இதிலிருந்தே வரும்.

அடுத்து வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பது. டயர், காற்று, ஏர் பிரேக் அழுத்தம், விளக்கு, தார்பாய்க் கயிறு, ஸ்டெப்னி எல்லாம் பார்க்க வேண்டும். கிளீனராக இருந்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. புதிதாகக் கற்க வேண்டியது எழுத்து வேலை. எடைமேடைச் சீட்டு, இ-வே பில், டிரிப் ஷீட் மூன்றையும் படித்துச் சரிபார்க்காமல் வாசலைத் தாண்டக் கூடாது. எடைச் சீட்டைக் குறிப்பாகப் பாருங்கள். மூன்று அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரிக்கு மொத்த எடை 28.5 டன் வரைதான். மிகுந்தால் அபராதம் ₹20,000, கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000. ஏற்றச் சொன்னவரை மட்டுமல்ல, ஓட்டியவரையும் சட்டம் பிடிக்கும்.

டேங்கர் என்றால் கதை வேறு. நம் பகுதி ரசாயன ஆலைகளிலிருந்து போவது சாதாரணச் சரக்கல்ல. ஆபத்தான சரக்கு ஓட்டுபவர் மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 9. எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. எட்டாம் வகுப்பு நிபந்தனை போனது என்று மகிழ்ந்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் மாலையில் ஒரு மணி நேரம் அண்ணனை உட்காரவைத்து டேங்கரில் இருக்கும் சொற்களை வாசிக்கப் பழக்கலாம். டேங்கரில் 1824 என்று எழுதியிருந்தால் காஸ்டிக் சோடா கரைசல், 1017 என்றால் குளோரின். வாயு கசிந்தால் காற்றின் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்காக விலகி ஓட வேண்டும் என்பதையும் அந்த வகுப்பில் கற்றுத்தருவார்கள்.

பிறகு மூத்த ஓட்டுநரோடு சில நடை அனுப்புவார்கள். எத்தனை நடை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உண்மையான பயிற்சி இதுதான், சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்த கேள்வி எந்தத் தெரு என்று வரும். பதில் தெரிந்ததும் சிலருக்குப் பேச்சு மாறும். மற்ற பயிற்சியாளர்களுக்கு 'வாங்க தம்பி', நம் பிள்ளைக்கு 'டேய்'. மற்றவர்கள் ரிவர்ஸ் பழகும்போது இவர் யார்டைக் கூட்டிக்கொண்டிருப்பார். எங்களில் ஒருவருக்கு நடந்தது இது: பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு வாரம் வண்டி கழுவும் வேலைதான் கிடைத்தது. எட்டாம் நாள் டேங்கருக்குள் இறங்கிக் கழுவச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஊரில் சிலர் அவரைச் சோம்பேறி என்றார்கள்.

அவர் செய்தது சரி. மூடிய தொட்டிக்குள் வாயு சோதனை இல்லாமல் இறங்குவது எந்த ஓட்டுநர் பயிற்சியிலும் கிடையாது. உள்ளே நச்சு வாயு இல்லை என்று தகுதி வாய்ந்தவர் எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லாவிட்டால் சுவாசக் கருவியும் இடுப்பில் கயிறும் வேண்டும், கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு சொன்னது இது. இறங்குபவர்களாக யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

சேரும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. வாசலில் இருக்கும் பெயர் ஒன்று, சம்பளம் போடுபவர் வேறொருவர் என்பது இங்கே சாதாரணம். ஆகவே நியமனத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பயிற்சி நாட்களுக்குப் படி உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பது எந்த மாதம் முதல், டயர் வெடித்தால் யார் செலவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அசல் உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ள முயன்றால் நகல் கொடுத்தால் போதும். சாலையில் போலீஸ் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். டிஜிலாக்கரிலும் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைக் கிராமங்களில் இன்னொரு குழப்பம் உண்டு. நம் ஊர் புதுச்சேரி, வாஞ்சூர் தாண்டினால் நாகை மாவட்டம். வேலை எந்தப் பக்கமும் கிடைக்கும், ஆனால் அரசு உதவி அப்படியல்ல. காரைக்காலில் வாங்கிய சாதிச் சான்றைக் கொண்டுபோய்த் தமிழ்நாட்டின் தாட்கோ அலுவலகத்தில் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். நமக்கு உரியது பாட்கோ. ஓட்டுநர் பயிற்சிக்கும் வாகனக் கடனுக்கும் இந்த ஆண்டு என்ன திட்டம் இருக்கிறது என்று அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

பிறர் காதுபடச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் அது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தேதி, நேரம், கேட்டவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். 14566 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும்.

டேங்கரிலிருந்து திரும்பி வந்தவர் பிறகு வேறொரு இடத்தில் சேர்ந்தார். அங்கும் முதல் வாரம் வகுப்புதான், வண்டி இல்லை. இரண்டாம் வாரம் மூத்த ஓட்டுநர் ஒருவர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, யார்டில் இரண்டு டிரம் வைத்து, நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மூன்று முறை இடித்தார். நான்காம் முறை வண்டி நேராக உள்ளே போனது. இப்போது அவர் அரியலூர் பக்கம் லோடு எடுத்துப் போய் வருகிறார்.