தரங்கைக் கற்கள் சொல்வதும் சொல்லாததும்

தரங்கம்பாடியில் கடலை நோக்கி நடப்போரை முதலில் வரவேற்பது, டேனியர் 1792இல் எழுப்பிய நகர வாயில். அதைக் கடந்தால் ராஜ வீதி. வீதியின் முடிவில் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, டேனியக் கடற்படைத் தலைவர் ஓவே கெட்டே கட்டத் தொடங்கிய கோட்டை அது. 1845இல் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஊரையே விலைபேசிய காலம்!

கோட்டைக்கு அருகே கடற்கரையோரத்தில் சீகன்பால்கு கரையிறங்கியதைக் குறிக்கும் நினைவுச்சின்னம் இருக்கிறது. நாள்: 1706 ஜூலை 9. அன்று அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். 1719இல், தாம் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்திலேயே அடக்கமானார். முன்னோடி என்று அவரைப் போற்றுவது முற்றிலும் தகும்.

ஆனால் நண்பர்களே, அவருக்குத் தமிழ் எப்படி வந்தது? முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம், சிறுவர்களோடு சிறுவராக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிக் கற்றார். அந்த ஆசிரியருக்கு ஒரு கல்லேனும் உண்டா என்று சென்ற ஆண்டு வகுப்புச் சுற்றுலாவின்போது வீதி வீதியாகப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

இவ்வூரின் மூத்த கல் வேறிடத்தில் உள்ளது. கோட்டைக்கு வடக்கே, அலை மோதும் விளிம்பில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட அதன் கல்வெட்டு, ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்கிறது. 'அலைகள் பாடும் ஊர்' என்று சுற்றுலாக் கையேடுகள் தரும் விளக்கம் செவிக்கு இனிமைதான். எனினும் இங்கே 'பாடி' என்பது பாட்டன்று, குடியிருப்பு. பட்டினம் என்பதோ கடற்கரை வணிக ஊர். ஆக, கெட்டே வந்திறங்கியது வெறும் மணல்மேட்டில் அன்று. மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வணிகம் செய்துவந்த ஊரில். அவர்களே இவ்வூரின் முதல் முன்னோடிகள்.

கோட்டையைத் தொல்லியல் துறை அருங்காட்சியகமாகப் பேணுகிறது. கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். நாங்கள் நின்ற அன்று அலை அந்தப் பாறைகளையும் தாண்டித் தெறித்துக்கொண்டிருந்தது.