ஆறில் ஒரு பங்காக மங்கிய குவாசார்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் கேம்ஸ், பாட்டு என்று நேரம் ஓடிவிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வானியல் டேட்டாவையும் கொஞ்சம் பாருங்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது குவாசார்கள்.

குவாசார் நட்சத்திரம் அல்ல. தொலைதூர கேலக்ஸியின் மையத்தில் உள்ள ராட்சதக் கருந்துளையைச் சுற்றி, தட்டு போலச் சுழலும் வாயு சூடாகி ஒளிர்கிறது. டெலஸ்கோப்பில் வெறும் புள்ளியாகத் தெரியும். 3சி 273 என்ற குவாசார் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதை 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்தார். ஹார்வர்டில் இருந்த பழைய கண்ணாடி போட்டோ தகடுகளைப் புரட்டியதில், பல ஆண்டுகளாகவே அதன் பிரகாசம் ஏறி இறங்கி வந்திருப்பது தெரிந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அளவைக் கணக்கிடலாம். ஒரு பொருள் முழுவதும் ஒரே நொடியில் பிரகாசமானாலும், அதன் முன்பக்க ஒளி முதலிலும் பின்பக்க ஒளி தாமதமாகவும்தான் நமக்கு வந்து சேரும். குறுக்களவு ஓர் ஒளியாண்டு என்றால், மாற்றம் ஓராண்டுக்குப் பரவித் தெரியும். ஒரே மாதத்தில் மாறினால்? ஒளி ஒரு மாதத்தில் போகும் தூரத்தைவிட அது பெரிதாக இருக்க முடியாது. கேலக்ஸியின் அத்தனை நட்சத்திரங்களையும் மிஞ்சும் ஒளி, அவ்வளவு சின்ன இடத்திலிருந்து!

தட்டில் ஏற்படும் கொந்தளிப்பால் சிறு மாற்றங்கள் சகஜம். ஆனால் நியூ மெக்சிகோவில் உள்ள ஸ்லோன் டெலஸ்கோப் 2000-ல் பதிவு செய்த ஒரு குவாசாரின் நிறமாலையை, 2010-ல் எடுத்த பதிவோடு ஸ்டெஃபனி லாமாஸா குழுவினர் ஒப்பிட்டார்கள். (இரண்டு ஃபைல்களை ஒப்பிட்டு எது மாறியது என்று தேடுவதுதான் என் அன்றாட வேலையும்.) ஒளி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கருந்துளைக்கு அருகே வேகமாகச் சுழலும் வாயுவின் அடையாளமான அகன்ற கோடு ஒன்று மறைந்தே போயிருந்தது. 2015-ல் இதை வெளியிட்டார்கள்.

தூசி மேகம் மறைத்ததா? அவ்வளவு பெரிய பகுதியை மூடும் மேகம் நகர்ந்து வர பத்தாண்டு போதாது. வாயு வரத்து குறைந்ததா? தட்டின் வெளிப்பகுதியிலிருந்து வாயு உள்ளே வந்து சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்கிறது வழக்கமான கணக்கு. கருந்துளையிடம் சிக்கிச் சிதறிய நட்சத்திரம் ஒன்றுதான் 2000-ல் தற்காலிகமாகப் பிரகாசித்தது என்றது இன்னொரு குழு. ஆனால் இப்படி மாறிய குவாசார்கள் இன்று நூற்றுக்கணக்கில் கிடைத்துவிட்டன. அத்தனைக்கும் நட்சத்திரங்களைப் பலி கொடுக்க முடியுமா? தட்டு பற்றிய கணக்கில்தான் குறை என்று எனக்குப் படுகிறது.

3சி 273-ஐ நீங்களே பார்க்கலாம். 1911-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்தின் வெப்சைட்டில், இதன் பெயரை ஆங்கிலத்தில் டைப் செய்தால் கிராஃப் வரும். எண் குறைந்தால் பிரகாசம் அதிகம் என்று அர்த்தம், குழம்ப வேண்டாம். ஒரு மாதத்துக்குப் பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. தேதியை இருபது ஆண்டுகளுக்கு நீட்டிக் கொடுங்கள்.